லீனியர் மோட்டார் நெளிந்து ஓடுகிறதா? முதலில் அலைநீளத்தை அளந்து பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது. ஒரு சிறிய பட்டறையில் சொந்தமாக லீனியர் மோட்டார் (சுழலாமல் நேர்கோட்டில் நகரும் மோட்டார்) டேபிள் செய்கிறார்கள். நிரந்தர காந்தத் தடத்தின் மேல் இரும்புக் கோரும் காயில்களும் நகரும் வகை. 12 ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்), 10 துருவம், துருவத்துக்குத் துருவம் 24 மி.மீ., நகரும் எடை 20 கிலோ. ஓடும்போது வேகம் சீராக இல்லை. கொஞ்ச நேரம் ஓட்டினால் காயிலும் கொதிக்கிறது. "காந்தங்களைச் சாய்த்து ஒட்டினால் போதுமா, இல்லை இரும்பே இல்லாத மோட்டாருக்கு மாறிவிடலாமா?"

இரண்டுமே அவசர முடிவுகள். சாய்த்து ஒட்டுவது ஒரு வகை ரிப்பிளுக்கு (விசையின் ஏற்ற இறக்கத்துக்கு) மட்டும்தான் மருந்து. இரும்பை எடுத்துவிட்டால் ஓட்டம் சீராகும், ஆனால் சூட்டுப் பிரச்சினை இன்னும் மோசமாகலாம். இந்த வகை மோட்டாரில் உந்துவிசை ஏறி இறங்க ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நீளத்தில் திரும்பத் திரும்ப வரும் என்பதுதான் நமக்கு வசதி. உங்கள் டேபிளில் அது 4 மி.மீ.க்கு ஒருமுறை வருகிறதா, 8-க்கா, 20-க்கா, 24-க்கா, 48-க்கா என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. அது தெரியாமல் டிசைனில் கை வைத்தால் காசும் போகும், காந்தமும் போகும்.

அளப்பது பெரிய வேலை இல்லை. முதலில் மோட்டாரின் மூன்று ஒயர்களையும் டிரைவிலிருந்து (மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் பெட்டி) கழற்றி, ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனியாக விடுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் காயிலில் மின்னோட்டம் சுற்றி பிரேக் பிடிக்கும், அளவு கெட்டுவிடும். பிறகு ஒரு லீட் ஸ்க்ரூவுக்கும் டேபிளுக்கும் நடுவே லோடு செல் (விசையை அளக்கும் சென்சார்) வைத்து, வினாடிக்கு ஒன்றிரண்டு மி.மீ. வேகத்தில் முன்னே தள்ளி, அதே பாதையில் பின்னே இழுத்து, இரண்டு தடவையும் விசையை டேபிளின் இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் குறியோடு கூட்டிப் பாதியாக்கினால் காந்தத்தால் வரும் விசை, அதாவது காகிங், மட்டும் நிற்கும். கழித்துப் பாதியாக்கினால் உராய்வு கிடைக்கும். இந்த இரண்டையும் பிரிக்காமல் "காகிங் இவ்வளவு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கைடு ரெயில் சீலின் உராய்வையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் டிரைவை மாட்டி, வினாடிக்கு 5 மி.மீ. வேகத்தில் ஓட்டி, விசை தரும் மின்னோட்டத்தை இடத்தோடு பதிவு செய்யுங்கள். இவ்வளவு மெதுவாகப் போனால் 4 மி.மீ. அலைகூட ஒரு ஹெர்ட்ஸ் சொச்சம்தான். சர்வோ (இடத்தையும் வேகத்தையும் பார்த்துத் திருத்தும் கட்டுப்பாடு) அதை முழுமையாக எதிர்த்துவிடும். அதனால் மின்னோட்டமே விசையின் பிரதி. இதை ஒருமுறை சும்மாவும், இன்னொரு முறை கப்பி வழியாக 10 கிலோ எடையைத் தொங்கவிட்டும் செய்யுங்கள். கிட்டத்தட்ட 98 நியூட்டன் மாறாத சுமை, செலவே இல்லாமல். மூன்று பதிவுகளுக்கும் ஃபூரியர் (கலந்திருக்கும் அலைகளைப் பிரிக்கும் கணக்கு) போட்டுப் பாருங்கள், நேரத்துக்கு இல்லை, தூரத்துக்கு. எக்செல்லே போதும். மின்சாரம் இல்லாமலே இருப்பது எது, மின்சாரம் வந்ததும் தோன்றுவது எது, சுமையோடு சேர்ந்து வளர்வது எது என்று மூன்றும் பிரிந்துவிடும்.

இனி ஒவ்வொரு நீளமாகப் பார்ப்போம்.

4 மி.மீ. என்பது பல்லும் காந்தமும் இழுத்துக்கொள்வதால் வரும் அசல் காகிங். உங்கள் கோரில் 12 பற்கள், 20 மி.மீ.க்கு ஒன்று. ஒரு பல்லைத் தனியாக எடுத்துக்கொண்டால் அதற்கு வடக்கும் தெற்கும் ஒன்றுதான், இரண்டும் இழுக்கும். ஆகவே அது உணரும் விசை 24 மி.மீ.க்கு ஒருமுறை திரும்பும். இரண்டாவது பல் 20-இல், மூன்றாவது 40-இல், நான்காவது 60-இல் இருக்கிறது. இவற்றை 24-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்: 0, 20, 16, 12, 8, 4. ஏழாவது பல்லில் மறுபடி 0. அதாவது ஆறு வெவ்வேறு கட்டங்கள், சரியாக 4 மி.மீ. இடைவெளியில், ஒவ்வொன்றிலும் இரண்டு பற்கள். பெரிய ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, 4 மி.மீ. அலை மட்டும் மிச்சமாகிறது. 3 ஸ்லாட்டுக்கு 2 துருவம் என்ற பழைய அமைப்பில் மூன்றே கட்டங்கள்தான். காகிங் 8 மி.மீ. அலையாக, கணிசமான உயரத்தோடு வரும். வைண்டிங் ஃபேக்டரும் (காயில் காந்தத்தை எவ்வளவு முழுமையாகப் பயன்படுத்துகிறது என்ற எண்) அதில் 0.866 மட்டுமே, உங்கள் 12/10-இல் 0.933. எனவே நீங்கள் தேர்ந்தெடுத்த அமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 9/8 இன்னும் நல்லதென்று சிலர் சொல்வார்கள். ஒன்பது கட்டங்கள், ஃபேக்டர் 0.945, எல்லாம் உண்மை. ஆனால் அதில் ஒரே ஃபேஸின் (மூன்று மின்வழிகளில் ஒன்றின்) மூன்று பற்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவதால், சுமை ஏறும்போது கீழ்நோக்கிய இழுப்பு கோரின் நீளம் முழுக்கச் சமமாக இராது; டேபிள் முன்னும் பின்னும் தலையாட்டும். அளவெடுக்கும் இயந்திரத்துக்கு அது வேண்டாத வேலை.

சாய்த்து ஒட்டும் யோசனை இந்த 4 மி.மீ. அலைக்குத்தான் பொருந்தும். காந்தத்தின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 4 மி.மீ. வித்தியாசம் வருமாறு சாய்த்தால் அந்த அலை கணக்குப்படி மறைந்துவிடும். 24 மி.மீ. என்பது மின்கோணத்தில் (வடக்கு-தெற்கு ஜோடி ஒன்று, 48 மி.மீ., 360 டிகிரி) 180 டிகிரி, ஆகவே 4 மி.மீ. என்பது 30 டிகிரி. அதனால் உந்துவிசையில் 1.1 சதவீதம் இழப்பு. இது சல்லிசு. 3/2 அமைப்பில் 8 மி.மீ. சாய்க்க வேண்டியிருக்கும், இழப்பு 4.5 சதவீதம். சாய்ப்பதில் இன்னொரு பக்கவிளைவு, பக்கவாட்டு விசையும் டேபிளைத் திருகப் பார்க்கும் முறுக்கமும். நல்ல கைடு ரெயில் இருந்தால் தாங்கிவிடும்.

24 மி.மீ. அலை வேறு கதை. சுழலும் மோட்டாருக்கு முனை கிடையாது. லீனியர் மோட்டாரின் கோருக்கு இரண்டு முனைகள் உண்டு. இரும்பு எங்கே முடிகிறதோ அங்கே காந்தப்புலம் திடீரென்று அறுபடுகிறது. ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு காந்தத்தைத் தாண்டும்போதும் ஒரு இழுப்பை உணர்கிறது. ஸ்லாட்டும் துருவமும் நன்றாகத் தேர்ந்தெடுத்த மோட்டாரில், மின்சாரம் இல்லாமல் தள்ளும்போது தெரியும் பெரிய அலை பெரும்பாலும் இதுதான். உங்களுடையதிலும் இதுதான் முதலாவதாக வரும் என்று எதிர்பார்க்கிறேன். இதைச் சாய்த்துப் போக்க வேண்டுமானால் 24 மி.மீ. முழுக்கச் சாய்க்க வேண்டும். அப்போது உந்துவிசையில் 36 சதவீதம் போய்விடும். யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். கேள்வியின் முதல் பாதிக்கு இதுவே பதில்: சாய்ப்பது சின்ன அலையைக் கொல்லும், பெரிய அலையைத் தொடாது.

பெரிய அலைக்கு மருந்து கோரின் நீளம். இரண்டு முனைகளின் விசையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை. நீளத்தைச் சரியாக வைத்தால் ஒரு முனை முன்னே இழுக்கும் அதே நேரத்தில் மறு முனை அதே அளவு பின்னே இழுக்கும். "துருவ இடைவெளியின் முழு மடங்கோடு பாதி சேர்த்துவை" என்று ஒரு குத்துமதிப்பு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பாதீர்கள். முனை விசையில் சைன் பகுதி, கொசைன் பகுதி என்று இரண்டும் கலந்திருக்கும். சரியான நீளம் இந்த இரண்டின் விகிதத்தைப் பொறுத்தது. அந்த விகிதம் ஏர் கேப் (காந்தத்துக்கும் கோருக்கும் நடுவிலுள்ள இடைவெளி), காந்தத்தின் தடிமன், முனையின் வடிவம் எல்லாவற்றோடும் மாறும். எனவே ஃபைனைட் எலிமென்ட் மாடலில் (பொருளைச் சிறு துண்டுகளாக்கிக் கம்ப்யூட்டரில் போடும் கணக்கில்), ஒரு முனையை மட்டும் வைத்து, மறு முனையை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டு, 24 மி.மீ. தூரத்துக்கு விசையைக் கணக்கிடுங்கள். சைன், கொசைன் அளவுகளைப் பிரித்தெடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து ஆர்க் டேன்ஜென்ட் எடுத்து, பையால் வகுத்து, 24-ஆல் பெருக்கினால், நீளம் முழு மடங்கிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்பது வந்துவிடும். கூட்டுவதா குறைப்பதா என்பது நீங்கள் வைத்த குறியைப் பொறுத்தது. இரண்டையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கோர், பல் அகலம் 10 மி.மீ. என்று வைத்தால், 230 மி.மீ. நீளம். இரண்டு பக்கமும் காயில் இல்லாத ஒரு துணைப் பல் சேர்ப்பதுதான் வழக்கமான வழி. அதன் இடத்தை நகர்த்தினால் மொத்த நீளம் மாறும். அதன் உயரத்தைக் கொஞ்சம் குறைத்து ஓரத்தைச் சரிவாகச் செதுக்கினால் 12 மி.மீ.யில் வரும் இரண்டாவது ஹார்மோனிக்கும் (அதே நீளத்தில் இரண்டு முறை வரும் துணை அலை) அடங்கும். இந்தத் துணைப் பல்லைத் தனித் துண்டாக, திருகாணி போட்டு மாட்டும்படி செய்யுங்கள். முதல் மாடலை அளந்த பிறகு ஷிம் (மெல்லிய தகடு) வைத்து நகர்த்திப் பார்க்க முடியும். கம்ப்யூட்டர் சொல்லும் நீளத்துக்கும் நிஜத்துக்கும் அரை மி.மீ. வித்தியாசம் வந்தால் அதிசயப்பட வேண்டாம்.

அதிக விசைக்காக ஒரே டேபிளின் கீழ் இரண்டு மூன்று கோர் வைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. இரண்டு கோர்களை 12 மி.மீ. விலக்கி வைத்தால் 24 மி.மீ. அலை அழியும். ஆனால் அது மின்கோணத்தில் 90 டிகிரி. ஒயரை மாற்றி மாட்டிச் சமாளிக்க முடியாது, இரண்டு டிரைவ் வேண்டும். மூன்று கோர்களை 8 மி.மீ. விலக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் 60 டிகிரி. ஃபேஸ் பெயரை மாற்றி, காயிலைத் தலைகீழாக மாட்டினால் ஒரே டிரைவ் போதும். 24, 12 இரண்டு அலைகளும் போய்விடும்.

20 மி.மீ. அலை தெரிந்தால் டிசைனை விட்டுவிட்டு ஒட்டிய விதத்தைப் பாருங்கள். 20 உங்கள் பற்களின் இடைவெளி. ஏதோ ஒரு காந்தம் இடம் தவறியோ பலம் குறைந்தோ இருந்தால், 12 பற்களும் ஒவ்வொன்றாக அதைத் தாண்டும்போது விசை குதிக்கும். இந்த அலை தடம் முழுக்க இராது. சில இடங்களில் மட்டும் பெருத்து மற்ற இடங்களில் ஓய்ந்திருக்கும். ஆறு கட்டங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று மேலே சொன்னதெல்லாம், காந்தங்கள் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே இடைவெளியில் இருந்தால்தான். ஒட்டும்போது கையால் ஸ்பேசர் வைத்துத் தள்ளினால் பிழை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு காந்தத்துக்கும் தனிக் குழி மில் செய்த அலுமினிய ஜிக் ஒன்று செய்துகொள்ளுங்கள். பெட்டியில் வந்த காந்தங்களை காஸ் மீட்டரால் அளந்து, பலத்தை வைத்துப் பிரித்துக்கொள்வதும் ஒரு மதிய வேலைதான். இதற்கு ஆகும் செலவு, காந்தத்தின் கிரேடை ஒரு படி ஏற்றுவதைவிடக் குறைவு, பலன் அதிகம். அப்புறம், காந்தத் தகடுகளைக் கையாளும்போது மேஜையில் வேறு இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. விரல் போகும்.

8 மி.மீ. அலை சுமையோடு வளர்ந்தால் அது பேக் இஎம்எஃபின் (ஓடும்போது காயிலில் தூண்டப்படும் மின்னழுத்தத்தின்) வடிவக் கோளாறு. மின்னோட்டம் சுத்தமான சைனாக இருந்தாலும், பேக் இஎம்எஃபில் 5-ஆவது, 7-ஆவது ஹார்மோனிக் கலந்திருந்தால் விசை ஒரு மின்சுற்றில் ஆறு தடவை ஏறி இறங்கும். 48 மி.மீ.யில் ஆறு தடவை, அதாவது 8 மி.மீ. இங்கேதான் காந்தத்தின் அகலம் முக்கியமாகிறது. 24 மி.மீ. இடத்தில் காந்தம் எத்தனை மி.மீ. இருக்க வேண்டும்? பலர் மூன்றில் இரண்டு பங்கு, 16 மி.மீ., என்று வைத்து மூன்றாவது ஹார்மோனிக்கைக் கொல்வார்கள். ஸ்டார் இணைப்பில் (மூன்று ஃபேஸின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்ப்பது) மூன்றாவது ஹார்மோனிக் தானாகவே அடிபட்டுவிடும். அதற்காகக் காந்தத்தைக் குறைப்பது வீண். 0.8 பங்கு, 19.2 மி.மீ., வைத்தால் 5-ஆவது போகும். 0.86-க்குப் பக்கத்தில் 7-ஆவது போகும். இரண்டுக்கும் நடுவில் 20 மி.மீ. வைப்பது நல்ல சமரசம். முழு அகலக் காந்தத்தோடு ஒப்பிட்டால் 0.8-இல் காந்தம் 20 சதவீதம் குறைகிறது, விசையின் அடிப்படை அலை 5 சதவீதம்தான் குறைகிறது. ஓரத்துக் காந்தம் சும்மா பக்கத்துத் துருவத்துக்கே பாய்ந்துகொண்டிருக்கிறது. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கைடு ரெயிலின் குண்டுகள் சுமை ஏற்கும் பகுதிக்குள் நுழைந்து வெளியேறும்போது வரும் அசைவின் நீளம் குண்டு விட்டத்தின் இரண்டு மடங்கு. 4 மி.மீ. குண்டு என்றால் அதுவும் 8 மி.மீ.! ஒயரைக் கழற்றித் தள்ளும்போதும் 8 தெரிந்தால் ரெயிலைச் சந்தேகியுங்கள். அதேபோல் 60 மி.மீ. அலை வந்தால் அது ரெயிலின் போல்ட் இடைவெளியாக இருக்கலாம். 20 சைஸ் ரெயிலில் வழக்கமாக அதுதான் அளவு.

48 மி.மீ. அலை மின்சாரம் போட்டதும் மட்டும் வருகிறது, சுமை ஏறினாலும் அதே உயரம் என்றால், டிரைவின் கரண்ட் சென்சாரில் ஆஃப்செட் (பூஜ்யம் தள்ளி நிற்கும் பிழை) இருக்கிறது. 24 மி.மீ. அலை சுமையோடு வளர்ந்தால், சென்சார்களின் கெயின் (பெருக்கும் அளவு) சமமாக இல்லை. முனை விசையும் 24-இல்தான் வரும், ஆனால் அது சுமையைப் பொருட்படுத்தாது. தொங்கவிட்ட 10 கிலோ இங்கேதான் உதவும். இந்த இரண்டுக்கும் மோட்டாரில் செய்ய ஒன்றுமில்லை. டிரைவைச் சூடான நிலையில் மறுபடி காலிபரேட் செய்தால் போதும்.

எந்த அலையை முதலில் துரத்துவது? உங்கள் வேலை எந்த வேகத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. சர்வோவின் பேண்ட்விட்த் (அது ஈடுகொடுக்கக்கூடிய வேக எல்லை) 50 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதைவிட மெதுவாக வரும் ரிப்பிளை சர்வோவே அமுக்கிவிடும். மிக வேகமாக வருவதை 20 கிலோ எடையின் மந்தமே விழுங்கிவிடும். நடுவில்தான் தொல்லை. 24 மி.மீ. அலை 50 ஹெர்ட்ஸ் ஆவது வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில், 4 மி.மீ. அலைக்கு அந்த வேகம் வெறும் 200 மி.மீ. நீங்கள் 200-இல் ஸ்கேன் செய்து படம் பிடிக்கிறீர்கள் என்றால் சின்ன அலையே பெரிய எதிரி, காந்தத்தைச் சாய்ப்பதில் அர்த்தம் உண்டு. எவ்வளவு பாதிக்கும் என்பதற்கும் ஒரு கைக்கணக்கு: 20 கிலோ, 50 ஹெர்ட்ஸ் என்றால் சர்வோவின் விறைப்பு மீட்டருக்குச் சுமார் 20 லட்சம் நியூட்டன். 10 நியூட்டன் ரிப்பிள் அந்த எல்லையில் 5 மைக்ரான் பிழை தரும். உங்களுக்கு 20 மைக்ரான் போதும் என்றால் இந்த வேலையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மெய்யாகவே நிறுத்துங்கள்.

சரி, சூடு.

இந்த மோட்டாருக்கு "திறன் எத்தனை சதவீதம்" என்று கேட்பதில் பெரிதாகப் பொருளில்லை. நின்ற இடத்தில் விசை கொடுத்துக்கொண்டிருந்தால் திறன் பூஜ்யம்தான். பார்க்க வேண்டியது மோட்டார் மாறிலி: ஒரு வாட் வெப்பத்துக்கு எத்தனை நியூட்டன். வெப்பம் விசையின் வர்க்கத்தில் ஏறும். மோட்டார் மாறிலி 30 என்றால் 30 நியூட்டனுக்கு 1 வாட், 300 நியூட்டனுக்கு 100 வாட்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது காந்தத்தை இல்லை, நகர்த்தும் முறையை. 20 கிலோவை 300 மி.மீ. தூரம் 0.3 வினாடியில் நகர்த்துவதாக வைப்போம். பாதித் தூரம் முடுக்கி, பாதித் தூரம் பிரேக் போட்டால் முழு நேரமும் 267 நியூட்டன், 79 வாட். மூன்றில் ஒரு பங்கு நேரம் முடுக்கி, ஒரு பங்கு சீராக ஓடி, ஒரு பங்கு நிறுத்தினால் விசை 300 நியூட்டன், ஆனால் நடுவில் காயிலுக்கு ஓய்வு. சராசரி 67 வாட். வேகம் பரவளையமாக ஏறி இறங்கினால் 59 வாட், அதுதான் கோட்பாட்டு எல்லை. உச்ச விசை அதில் 400 நியூட்டனாகிவிடும் என்பதையும் தொடக்கத்தில் ஒரு உதறல் இருக்கும் என்பதையும் கவனியுங்கள். எனக்குப் பிடித்தது நடுவில் உள்ளது. இதைவிட முக்கியம்: ஒரு நகர்வுக்கான வெப்பம் நேரத்தின் கனத்துக்கு எதிர்விகிதம். 0.30-ஐ 0.33 வினாடி ஆக்கினால் கால் பங்கு வெப்பம் குறையும். நகரும் எடையை 20-லிருந்து 18 கிலோ ஆக்கினால் 19 சதவீதம் குறையும். டேபிள் தகட்டின் அடியில் பாக்கெட் மில் செய்வது காந்தம் வாங்குவதைவிட மலிவு.

அடுத்தது செம்பு. கையால் சுற்றிய காயிலில் ஸ்லாட்டின் 40 சதவீதம்தான் செம்பாக இருக்கும். மிச்சம் காற்றும் வார்னிஷும். பல்லைத் தனித்தனியாக வெட்டி, அதன்மேல் கம்பியை வரிசை பிசகாமல் சுற்றி, பிறகு சேர்த்தால் 60 வரை போகலாம். அதே விசைக்கு வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. திறந்த ஸ்லாட்டில் சுற்றிய காயிலை அப்படியே இறக்கலாம், வேலை சுலபம். ஆனால் வாய் அகன்ற ஸ்லாட் காகிங்கை ஏற்றும். அந்த ஏற்றத்தை 4 மி.மீ. சாய்த்து எடுத்துவிடலாம் என்பதால் நான் திறந்த ஸ்லாட்டின் பக்கம்தான். செம்பு 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் மின்தடை 31 சதவீதம் கூடும், அது மேலும் சூடாக்கும். காயிலுக்கும் கோருக்கும் நடுவே காற்று இல்லாமல் எபாக்ஸி முழுமையாக இறங்கியிருக்கிறதா என்று முதல் கோரை வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

காந்தமும் ஏர் கேப்பும் கடைசி. ரெமனன்ஸ் (காந்தத்தின் சொந்தப் பலம்) 1.25 டெஸ்லா, தடிமன் 4 மி.மீ., கேப் 1 மி.மீ. என்றால் இடைவெளியில் சுமார் 0.99 டெஸ்லா. காந்தத்தை 6 மி.மீ. ஆக்கினால் 1.06. விலை ஒன்றரை மடங்கு, புலம் 7 சதவீதம். கேப்பை 0.7 ஆக்கினாலும் ஏறக்குறைய அதே பலன், காசில்லாமல். ஆனால் காகிங்கும் கீழ்நோக்கிய இழுப்பும் ஏறும், தடத்தின் சமதளமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். அதோடு, ஸ்லாட் இடைவெளியில் பாதிதான் பல் என்பதால் பல்லுக்குள் புலம் இரட்டிப்பாகி 2 டெஸ்லாவைத் தொடும். இரும்பு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் கூடுதல் காந்தம் ரிப்பிளைத்தான் கூட்டும். தடத்தின் அடித்தகட்டையும் மறக்காதீர்கள்: இந்த அளவுக்கு 5.5 மி.மீ. இரும்பாவது வேண்டும். தகட்டின் முதுகில் ஜெம் கிளிப் ஒட்டினால் தகடு போதவில்லை என்று பொருள். கிரேடு விஷயத்தில், லீனியர் மோட்டாரில் சூடு காயில் பக்கம்தான், காந்தம் எதிரே குளிர்ச்சியாக இருக்கும். பெரும்பாலும் 120 டிகிரிக்கான எச் கிரேடு போதும். 150-க்கான எஸ்ஹெச் தேவைப்படுவது உச்ச மின்னோட்டம் மிக அதிகமாகவும் காந்தம் மெல்லியதாகவும் இருந்தால்தான். உயர் கிரேடு காந்தத்தில் சேர்க்கும் டிஸ்ப்ரோசியம், டெர்பியம் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் சீனா கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, தேவையில்லாமல் உயர் கிரேடு கேட்பது விலையோடு காத்திருப்பையும் கூட்டும்.

இனி இரும்பில்லாத வகை. காகிங் இல்லை, முனை விசை இல்லை, கீழ்நோக்கிய இழுப்பும் இல்லை. இந்தக் கடைசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உங்கள் கோர் 240-க்கு 60 மி.மீ. என்று வைத்தால், சராசரி 0.6 டெஸ்லாவிலேயே 2,000 நியூட்டனுக்கு மேல், 200 கிலோ எடை ரெயிலை எப்போதும் அமுக்குகிறது. ரெயில் உராய்வில் பெரும்பங்கு உங்கள் 20 கிலோவால் இல்லை, இதனால்தான். ஆனால் விலை என்ன? காந்தம் இரண்டு பக்கமும் வேண்டும்; நடுவில் காயிலின் தடிமனே இடைவெளி. 5 மி.மீ. காந்தம் இரண்டு, இடைவெளி 8 மி.மீ. என்றால் 0.7 டெஸ்லாகூட எட்டாது. காயில் எபாக்ஸிக்குள் தொங்குகிறது, வெப்பம் வெளியேற ஒல்லியான ஒரு வழிதான். இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தைத் தடுக்கும் தன்மை) குறைவு என்பதால் சாதாரண டிரைவின் ஸ்விட்சிங் ரிப்பிளே காயிலைச் சூடாக்கும். காந்தங்களை ஹால்பாக் முறையில் (திசையைப் படிப்படியாகத் திருப்பி) அடுக்கினால் புலம் சைனுக்கு நெருங்கும், அடித்தகடும் மெலியும். காந்தப் பதிவு ஆய்வாளர் மாலின்சன் 1973-இல் கணக்காகக் காட்டியதை, துகள் முடுக்கிகளுக்காக கிளாஸ் ஹால்பாக் 1980 வாக்கில் பெர்க்லியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அருமையான அமைப்பு, ஆனால் ஒன்றையொன்று தள்ளும் காந்தங்களைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுவது முதல் முயற்சிக்கு ஏற்ற வேலை இல்லை. லேசான சுமை, மாறாத வேகம், ஸ்கேனிங் என்றால் இரும்பில்லாத வகைக்குப் போங்கள். 20 கிலோவைச் சட்சட்டென்று நகர்த்தி நிறுத்தும் வேலைக்கு, இப்போதே சூடாகும் நிலையில், அது தவறான திசை.

கடைசியாக, டிரைவுக்குள் காகிங் அட்டவணை (எந்த இடத்தில் எவ்வளவு விசை என்ற பட்டியல்) போட்டு ஈடுசெய்வது. "அது அதிக மின்னோட்டம் தின்னும்" என்று பயப்படுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 100 நியூட்டன் சராசரி விசையோடு 10 நியூட்டன் உயரமுள்ள ரிப்பிளை எதிர்க்க ஆகும் கூடுதல் வெப்பம் அரை சதவீதம். 4 மி.மீ. சாய்த்ததால் 1.1 சதவீத விசை போய், அதை ஈடுகட்ட 2.3 சதவீத வெப்பம் ஆகிறது. அதாவது அட்டவணையே மலிவு! அதன் வரம்பு வேறு இடத்தில். வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 4 மி.மீ. அலை 250 ஹெர்ட்ஸ். கரண்ட் லூப்பின் (டிரைவுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியின்) தாமதம் கொஞ்சம் தப்பினாலும் ஈடு தாமதமாக வந்து ரிப்பிளைக் கூட்டிவிடும். 24 மி.மீ. அலைக்கு அதே வேகத்தில் 42 ஹெர்ட்ஸ்தான், அங்கே அட்டவணை அழகாக வேலை செய்யும். எனவே உங்கள் மோட்டாருக்கு என் யோசனை: சின்ன அலைக்குக் காந்தத்தை 4 மி.மீ. சாயுங்கள், பெரிய அலையைத் துணைப் பல்லால் முடிந்தவரை குறைத்துவிட்டு, மிச்சத்தை அட்டவணையில் போடுங்கள். அட்டவணையை எடுக்கும்போது மோட்டார் வேலை செய்யும் சூட்டில் இருக்கட்டும். தடத்தின் ஒரு மீட்டரை மட்டும் எடுத்து மற்ற இடங்களுக்கு நகல் போடாதீர்கள், 20 மி.மீ. அலை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.